புதைத்த காலைத் தோண்டிப் பார்க்க வேண்டுமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எட்டுப் பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு 48 வயது. வாழையும் மஞ்சளும் போடுகிற விவசாயி. ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏழு மாதத்துக்கு முன் ரோட்டவேட்டர் கத்தியில் சிக்கி வலது பாதமும் கணுக்காலும் நசுங்கிவிட்டன. மருத்துவமனையில் இரண்டு நாள் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு சாண் விட்டு மீதியை எடுத்துவிட்டார்கள். புண் நன்றாக ஆறிவிட்டது. செயற்கைக் காலும் வாங்கியாயிற்று. அது இப்போது அட்டாலியில், பரண்மேல் கிடக்கிறது.

வலியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "காலே இல்லைங்க டாக்டர். ஆனா அந்தக் கால்ல பெருவிரல் உள்பக்கமா மடங்கி முறுக்கிக்கிட்டே இருக்குதுங்க. விரிக்கோணும்னு பாக்கறன், விரிய மாட்டேங்குது. குதிகால் தணல்ல வெச்சாப்பல எரியுது. பொழுதோட ஆரம்பிச்சா விடியக்காலம் வரைக்கும் விடாது. ஒண்ணுக்குப் போகும்போது பாதத்துல மின்னல் வெட்டுதுங்க. இதையெல்லாம் யாருகிட்டச் சொல்றது?"

சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எடுத்த காலை வாங்கிவந்து தோட்டத்து வேப்ப மரத்தடியில் புதைத்தபோது கோணலாக வைத்துவிட்டார்கள், எறும்பு அரிக்கிறது என்கிறார் அவருடைய ஆத்தா. குறி சொல்பவரும் அதையே சொல்லி, தோண்டி நேராக வைத்துப் பரிகாரம் செய்ய 30,000 ரூபாய் கேட்டிருக்கிறார். "இல்லாத காலு எப்படிப்பா வலிக்கும்?" என்று சிரித்திருக்கிறார் பங்காளி ஒருவர். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பார்த்து "இது மனநோய்க்குக் கொடுக்கறதாச்சே" என்று மருந்துக் கடையில் சொன்னதும், நான்கே நாளில் நிறுத்திவிட்டார். முழங்காலுக்கு மேலே இன்னொரு முறை எடுத்துவிட்டால் வலி தீரும் என்று யாரோ சொன்னது இப்போது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒறம்பரை வந்து கேட்டால் "வலியெல்லாம் போயிருச்சுங்க" என்கிறார். மனைவியிடமும் அதே பதில். என்னிடம் அவர் கேட்பது நான்கு: புதைத்த காலைத் தோண்டலாமா, முழங்காலுக்கு மேலே எடுத்துவிடலாமா, அந்த மாத்திரையைப் போடலாமா, பொங்க நோம்பிக்குள் வரப்பில் நடந்து போக முடியுமா?

இனி உங்களிடமே பேசுகிறேன்.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். "சில ராத்திரி கிணத்துமேட்டுல போயி உக்காந்துக்கறனுங்க." நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் முன்னால் நான் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் வலியோடு கிடக்கிற எவருக்கும் இப்படித் தோன்றலாம். அது கோழைத்தனம் இல்லை, வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை. இன்றைக்கே உங்கள் மனைவியிடம் இந்த வரியைக் காட்டுங்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றால் இந்தப் பதிலைக் கையில் கொடுத்துவிடுங்கள். தோட்டத்துச் சாளையில் இருக்கும் பூச்சிமருந்து டப்பாக்களைப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம், காசில்லை. அந்த நினைப்பு வலுத்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் யாரையாவது எழுப்பிக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வலி எங்கே இருக்கிறது

உங்கள் வலி நிஜம். கற்பனை இல்லை, நடிப்பு இல்லை, பைத்தியமும் இல்லை. கை கால் எடுக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வலி வருகிறது. 16ஆம் நூற்றாண்டிலேயே ஆம்பிரோஸ் பாரே என்ற பிரெஞ்சுப் படை அறுவை மருத்துவர், உறுப்பு இழந்தவர்கள் இல்லாத உறுப்பில் வலிக்கிறது என்று சொல்வதைப் பற்றி எழுதிவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைக் கவனித்த வீர் மிட்செல் என்ற மருத்துவர், 1871இல் இதற்கு ஆவி உறுப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார். பெயர் பொருத்தம்தான். ஆனால் நம் ஊரில் அந்தப் பேரைச் சொன்னால் குறி சொல்பவருக்கு இன்னொரு 30,000 கிடைத்துவிடும் என்பதால் நான் அதை நோயாளிகளிடம் சொல்வதில்லை.

காட்டில் ஓர் ஏக்கரை விற்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரயம் முடிந்து, வாங்கியவர் உழவும் ஓட்டிவிட்டார். ஆனால் தாலுகா ஆபீசில் பட்டா இன்னும் உங்கள் பேரிலேயே இருக்கிறது. கந்தாய நோட்டீஸ் யார் வீட்டுக்கு வரும்? உங்கள் மூளையிலும் வலது பாதத்துக்கு ஒரு பட்டா இருக்கிறது. பெருவிரலுக்குத் தனி இடம், குதிகாலுக்குத் தனி இடம். கால் போய்விட்டது, பட்டா மாறவில்லை. வெட்டுப்பட்ட நரம்பின் நுனிகள் தாறுமாறாகத் துளிர்த்து, யாரும் தொடாமலே மின்சாரம் மாதிரி செய்தி அனுப்புகின்றன. வழியில் தண்டுவடம் அந்தச் செய்தியைப் பெரிதாக்குகிறது. மூளை அதை "வலது குதிகால் எரிகிறது" என்று படித்துக்கொள்கிறது. விரலை விரிக்கச் சொல்லி மூளை உத்தரவு போடும்போதும் "விரித்தாயிற்று" என்ற பதில் திரும்பி வருவதில்லை. அதனால்தான் விரல் முறுக்கிக்கொண்டே இருப்பது போலத் தோன்றுகிறது என்பது ஒரு விளக்கம். உறுப்பை எடுப்பதற்கு முன் இருந்த வலியும் சிலருக்கு அதே சாயலில் தொடரும். உங்கள் கால் முறுக்கப்பட்ட நிலையிலேயே இரண்டு நாள் வலியோடு கிடந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இதில் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை. வலி நரம்பு மண்டலத்தில்தான் பிறக்கிறது என்பதில் வாதமே இல்லை.

சிறுநீர் கழிக்கும்போது மின்னல் வெட்டுவது என்று கூச்சப்பட்டு எழுதியிருக்கிறீர்களே, அது பலருக்கும் வருவது, கேட்டால்தான் சொல்வார்கள். மூளையின் வரைபடத்தில் பாதத்துக்கும் பிறப்புறுப்புப் பகுதிக்கும் பக்கத்துப் பக்கத்துக் காடு என்பது இதற்கு ஒரு விளக்கம். வரப்புத் தகராறு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். குளிரும், கவலையும், தூக்கமின்மையும்கூட வலியைத் தூண்டிவிடும்.

வேப்ப மரத்தடி

தோண்டாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் காலுக்கும் உங்களுக்கும் இடையே இப்போது ஒரு நரம்புகூட இல்லை. அங்கே எறும்பு அரித்தாலும் செய்தி உங்களுக்கு வந்து சேர வழியில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு தோண்டினால் நீங்கள் பார்க்கப்போவதை ஆயுசுக்கும் மறக்க முடியாது, அது மட்டும்தான் மிஞ்சும். உங்கள் ஆத்தாவை நான் குறை சொல்லவில்லை. எடுத்த காலைக் கோணலாகப் புதைத்தால் வலிக்கும், தோண்டி நேராக்க வேண்டும் என்ற இதே நம்பிக்கை அமெரிக்கக் கிராமங்களிலும் இருந்திருக்கிறது. இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சன் 1797இல் வலக் கையை இழந்தவர். இல்லாத விரல்களை உணர்ந்தபோது, ஆன்மா உண்டு என்பதற்கு இதுவே சான்று என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். வலி புரியாதபோது மனிதர்கள் எங்கேயாவது காரணம் தேடத்தான் செய்வார்கள். ஆத்தாவின் மனசுக்காக அந்த மரத்தடியில் ஒரு விளக்கேற்றி, தேங்காய் உடைத்துக் கும்பிட்டு வாருங்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை. 30,000 ரூபாயைச் சாக்கெட்டுக்கு, அதாவது செயற்கைக் காலின் மேல் கிண்ணத்துக்கு, வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முழங்காலுக்கு மேலே எடுத்தால்?

இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வேண்டாம். பட்டா தாலுகா ஆபீசில் இருக்கும்போது இன்னும் இரண்டு ஏக்கரை விற்பதால் என்ன தீரும்? புதிதாக வெட்டுப்படும் நரம்புகள் புதிய வலியைத் தரலாம், பழையதும் அப்படியே இருக்கும். இழப்போ பெரிது. உங்கள் சொந்த முழங்கால் உங்களிடம் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்தவர் செயற்கைக் காலோடு நடக்க, முன்பைவிட ஏறக்குறைய கால் பங்கு சக்தி கூடுதலாகச் செலவழிக்கிறார். மேலே எடுத்தவருக்கு அது பாதிக்கு மேல் போய்விடும். வாழைத் தோட்டத்துச் சேற்றில் அந்த வித்தியாசம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

மறுபடி அறுவை செய்வதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. அவை வெட்டுக்கு மிஞ்சிய கால் பகுதியின் நோய்கள். சீழ், எலும்பு முனை குத்துவது, நரம்பு நுனியில் முடிச்சு விழுவது போன்றவை. அதனால் முதலில் இரண்டு வலிகளைப் பிரித்துப் பாருங்கள். இல்லாத விரலில் வலிப்பது ஒன்று, இருக்கிற மொட்டைக் காலிலேயே வலிப்பது இன்னொன்று. மொட்டைக் காலை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் தட்டினால் ஷாக் அடிப்பது போல் வலி பாதம் வரை ஓடுகிறதா? அப்படியானால் அங்கே நரம்பு முடிச்சு இருக்கலாம். ஸ்கேனில் தெரியும், அந்த இடத்தில் ஊசி போட்டோ தேவைப்பட்டால் சிறிய அறுவையிலோ சரிசெய்யப் பார்க்கலாம். வெட்டிய நரம்பைப் பக்கத்துத் தசையின் நரம்போடு இணைத்துவிடுகிற புதிய அறுவை முறையும் பெரிய மையங்களில் வந்திருக்கிறது, ஆனால் அது முதல் படி இல்லை. மொட்டைக் கால் சிவந்து, வீங்கி, சூடாகி, காய்ச்சலோ நீர்க்கசிவோ வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரைகள்

உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தது அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். மருந்துக் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. மனச்சோர்வுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் 75 மில்லிகிராமும் அதற்கு மேலும். 10, 25 என்ற சின்ன அளவில் அது நரம்பின் வலிச் செய்தியைத் தணிக்கப் பயன்படுகிறது, தூக்கமும் வரும். நான்கு நாளில் பலன் தெரியாது. அளவை மெல்ல ஏற்றி, சில வாரம் பார்த்த பிறகுதான் உதவுகிறதா இல்லையா என்று சொல்ல முடியும். வாய் உலர்வதும் மலச்சிக்கலும் வரலாம். இருதயக் கோளாறு, சிறுநீர் அடைப்பு, கண் அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கபாபென்டின், பிரிகாபலின் என்று வேறு மருந்துகளும் உண்டு. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கேட்பதே இல்லை. இந்த நரம்பு மருந்துகள் எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோபினாக், தினம் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீக்கத்தால் வரும் வலிக்கான மருந்து. இல்லாத காலின் வலிக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. ஐந்து மாதமாக அதை விழுங்கியிருப்பதால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வந்திருக்க வாய்ப்புண்டு. நிறுத்திவிட்டு, இந்த வாரமே ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பாருங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அது காட்டும். நரம்பு மருந்துகளின் அளவைத் தீர்மானிக்கவும் அந்த எண் தேவை. மலம் கறுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்கத்துக்கென்று சில நாள் ஒரு குவார்ட்டர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன மருந்துகளோடு அது சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம், ஒற்றைக் காலில் எழுந்து விழுவதும் நடக்கும். மருந்து, மது, இரண்டில் ஒன்றுதான்.

பீரோ கண்ணாடி

காசு செலவில்லாத ஒரு சிகிச்சை உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் ஊர்க்காரர், வி.எஸ். ராமச்சந்திரன். 1990களில் அமெரிக்காவில் வேலை செய்தபோது, மூளையை அதன் கண்ணாலேயே சமாதானப்படுத்தலாமே என்று யோசித்தார். கட்டிலில் இரண்டு காலையும் நீட்டி உட்காருங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு நீளக் கண்ணாடியை நிறுத்துங்கள், முகம் பார்க்கும் பக்கம் இடது கால் பக்கமாக இருக்கட்டும். பீரோ கண்ணாடி அளவு இருந்தால் போதும், ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். வலது மொட்டைக் கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இப்போது கண்ணாடிக்குள் பார்த்தால் உங்கள் வலது கால் முழுசாகத் தெரியும். இடது பெருவிரலை மெல்ல மடக்கி, மெல்ல விரியுங்கள். மனதுக்குள் வலது விரலையும் கூடவே விரியுங்கள். பிறகு பாதத்தை மேலும் கீழும், வட்டமாகவும் அசையுங்கள். வேகம் வேண்டாம். தினம் 15 நிமிடம், நான்கு வாரம்.

2007இல் அமெரிக்காவில் கால் இழந்த 22 படைவீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். கண்ணாடியில் பார்த்துச் செய்தவர்களுக்கு வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடிச் செய்தவர்களுக்கும், கண்ணை மூடிக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கும் அப்படிக் குறையவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு நம்பிக்கை தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது போல விரல் முறுக்குகிற வலியில் முயன்று பார்ப்பது வீண் போகாது என்பது என் அனுபவம். முதல் நாள் கண்ணாடியில் முழுக் காலைப் பார்த்ததும் அழுகை வரலாம், தலை சுற்றலாம், வலி கூடவும் செய்யலாம். அப்போது நிறுத்திவிட்டு மறுநாள் ஐந்து நிமிடம் செய்யுங்கள். முதல் வாரம் மனைவி பக்கத்தில் இருக்கட்டும். மறைத்து வைத்திருக்கும் வலியைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இதோடு மொட்டைக் காலைத் தினமும் தடவி, தட்டிப் பழக்குங்கள். முதலில் பஞ்சு, பிறகு பருத்தித் துணி, பிறகு சொரசொரப்பான துண்டு. வலி வரும்போது கையால் அழுத்திப் பிடிப்பதும், பிசியோதெரபியில் வைக்கும் மின்தூண்டல் கருவியும் சிலருக்குச் சுகம் தரும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு விட்டுவிடுங்கள். முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போனால் செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாது. தினம் இரண்டு முறை, 20 நிமிடம் குப்புறப் படுங்கள். இன்னொன்று: ராத்திரி அரைத் தூக்கத்தில் கால் இருப்பதாகவே நினைத்து ஊன்றி எழுந்து விழுந்தவர்கள் நிறையப் பேர். ஊன்றுகோல் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், ஒரு சின்ன விளக்கும் எரியட்டும்.

உரிமையும் உதவியும்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி நீங்கள் கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர். சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்குவது உங்கள் உரிமை, "நம்மளுக்கெதுக்குங்க அந்தப் பேரு" என்று தள்ளிப்போடாதீர்கள். ஈரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கும் செயற்கைக் காலுக்கும் கேளுங்கள். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்தில் உறுப்பு இழந்த விவசாயிகளுக்கு உதவித்தொகை உண்டு. நீங்கள் அதில் உறுப்பினர்தானா, இன்னும் விண்ணப்பிக்க முடியுமா என்று தாலுகா ஆபீசில் விசாரியுங்கள்.

நான்காவது கேள்வி, பொங்க நோம்பிக்குள் தடப்பள்ளி வாய்க்கால் வரப்பில் நடந்து போக முடியுமா என்பது. தேதி குறித்து நான் வாக்குக் கொடுக்க முடியாது. இந்த வலி பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது, வருவதும் அபூர்வமாகிறது. சிலருக்கு வருடக்கணக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் செயற்கைக் காலைத் தினமும் போட்டு நடப்பவர்களில் பலர், நடக்கும் நேரத்தில் வலி தணிகிறது என்கிறார்கள். உங்கள் செயற்கைக் கால் "லொடலொடங்குது, உள்ள கடிக்குது" என்றுதானே ஏற்றி வைத்தீர்கள்? அது காலின் குற்றம் இல்லை. முதல் வருடத்தில் மொட்டைக் கால் வற்றிச் சுருங்கும். மூன்றாம் மாதம் அளவெடுத்த சாக்கெட் ஏழாம் மாதம் பெரிதாகத்தான் இருக்கும். கூடுதலாக ஒரு சாக்ஸ் போட்டால் சிலருக்குச் சரியாகிவிடும், இல்லையென்றால் சாக்கெட்டை மட்டும் மாற்றலாம். காட்டு வேலைக்கு ஏற்ற பாதம் வேண்டும் என்றும் கேளுங்கள். 1968இல் உருவான ஜெய்ப்பூர் கால் சேற்றிலும் வெறுங்காலோடும் நடப்பவர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது.

அடுத்த வாரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் மறுவாழ்வுப் பிரிவையோ வலி நிவாரணப் பிரிவையோ பார்க்கப் போகும்போது, இதுவரை போட்ட எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். வலி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஏழு நாள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அட்டாலியிலிருந்து காலையும் இறக்கி எடுத்துப் போங்கள். நீங்கள் ஏணியில் ஏற வேண்டாம், வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்.